சமகாலப் பொருட்களைச் சேகரிக்க ஒரு சின்ன மியூசியம் எப்படிக் கொள்கை வகுப்பது?

தறிமேடு:

எல்லோருக்கும் வணக்கம். எங்களுடையது ஈரோடு மாவட்டத்தில் ஒரு தறி ஊர். அறக்கட்டளை ஒன்று நடத்துகிற சின்ன மியூசியத்தில் வேலை பார்க்கிறேன். பதிவேடு, ஸ்டோர் ரூம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் சுற்றிக்காட்டுவது எல்லாம் என் பொறுப்புதான். இதுவரை வந்ததெல்லாம் பழைய சாமான்: குழித்தறி, தறியில் ஊடை நூலைக் கொண்டு ஓடுகிற நாடா, படி, மரக்கால், ஓலைச்சுவடி, செப்புப் பாத்திரம். யாராவது கொண்டுவந்தால் வாங்கிப் பதிந்துவிடுவோம், வேண்டுமா வேண்டாமா என்று பெரிதாக யோசிக்க வேண்டியிருந்ததில்லை.

இப்போது வருகிறவை வேறு மாதிரி. 2006 தேர்தலுக்கு அப்புறம் அரசு கொடுத்த இலவச கலர் டிவியை ஒருவர் டிவிஎஸ் வண்டியில் கட்டிக்கொண்டு வந்து இறக்கிவிட்டுப் போய்விட்டார். 2011 திட்டத்தில் வாங்கிய மிக்ஸியையும் கிரைண்டரையும் தரட்டுமா என்று ஒரு அம்மா கேட்கிறார். செல்லாத 500, 1000 ரூபாய் நோட்டுகள், கொரோனா காலத்துக் கவச உடை, 2017-ல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிடித்துக்கொண்டு போன அட்டை, மூடப்போகிற ஒரு விசைத்தறிக் கூடத்தின் ஷிப்ட் பலகை என்று வரிசை நீண்டுகொண்டே போகிறது. எதை வாங்குவது, எதை மறுப்பது, கொடுக்கிறவர் மனம் நோகாமல் எப்படி மறுப்பது என்று தெரியவில்லை. அறங்காவலர்களில் ஒருவர் "இது என்ன காயலான் கடையா?" என்கிறார். இன்னொருவர், இன்றைக்கு எடுக்காவிட்டால் 30 வருஷம் கழித்துத் தேடினாலும் கிடைக்காது என்கிறார். எனக்கு இரண்டாமவர் சொல்வதுதான் சரியென்று படுகிறது, ஆனால் ஸ்டோர் ரூமில் இரண்டு அலமாரிதான் காலி.

"எழுத்தில் ஒரு கொள்கை தயார் செய், அடுத்த கூட்டத்தில் வைப்போம்" என்று என்னிடம் விட்டுவிட்டார்கள். பெரிய அருங்காட்சியகங்கள் இதை எப்படிச் செய்கின்றன? அதில் எங்களைப் போன்ற இடத்துக்கு ஒத்துவருவது எது? இந்த வேலையில் இருப்பவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னால் ரொம்ப உதவியாக இருக்கும்.

கிடங்குவாசி:

நான் இங்கிலாந்தில் ஒரு நகராட்சி அருங்காட்சியகக் கிடங்கில் இருக்கிறேன். இங்கே அங்கீகாரம் வேண்டுமென்றால் சேகரிப்புக் கொள்கை எழுத்தில் இருந்தே ஆகவேண்டும். அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு வார்ப்பு உண்டு: இந்த மியூசியம் எதற்காக இருக்கிறது, இப்போது கையில் என்ன இருக்கிறது, இனிமேல் எந்த விஷயங்களில் சேர்க்கப் போகிறோம், எதைக் குறைக்கப் போகிறோம், கொள்கையை மறுபடி எப்போது பார்ப்போம். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறையாவது திருத்த வேண்டும் என்பது விதி. இந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், இதற்குப் பெரிய மியூசியமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

சமகாலப் பொருள் என்று வந்தால் எல்லோரும் முதலில் சொல்வது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தைத்தான். 2014-ல் 'உடனடிச் சேகரிப்பு' என்று ஒரு முறை தொடங்கினார்கள். உலகத்தில் ஒரு விஷயம் நடந்து எல்லோரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே அதோடு சம்பந்தப்பட்ட பொருளை எடுத்துக் காட்சிக்கும் வைத்துவிடுவது. அவர்கள் எடுத்ததில் எனக்கு மறக்கவே மறக்காதது பிரைமார்க் கடையில் சாதாரணமாக விற்ற ஒரு கால்சட்டை. 2013 ஏப்ரல் 24-ஆம் தேதி டாக்காவுக்குப் பக்கத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள், ஞாபகம் இருக்கும். பிரைமார்க்குக்குத் துணி தைத்த ஒரு கம்பெனியும் அந்தக் கட்டடத்தில் இருந்தது. வங்கதேசத்தில் தைத்த அந்தக் கால்சட்டையை யாரும் அழகுக்காகவோ அபூர்வம் என்றோ எடுக்கவில்லை. அன்றைக்கு யார் வேண்டுமானாலும் கடைக்குப் போய் வாங்கியிருக்கலாம். அதே வரிசையில் 3டி பிரிண்டரில் அச்சடித்த துப்பாக்கியும் இருக்கிறது, ஒரு பாடகியின் பெயரில் விற்ற ஒட்டு இமைகளும் இருக்கின்றன. இவற்றை ஏன் எடுத்தோம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தியில் சொல்ல முடிகிறது, அதுதான் அவர்களுடைய வடிகட்டி. உங்கள் கொள்கையிலும் அந்த ஒரு பத்தியைக் கட்டாயமாக்குங்கள். இந்தக் குறிப்பிட்ட மிக்ஸியை ஏன் எடுக்கிறோம் என்று ஐந்தாறு வாக்கியம் எழுத முடியவில்லை என்றால் அது வேண்டாம்.

அடுத்த உதாரணம் லண்டன் மியூசியம் எடுத்த கொழுப்புக்கட்டி. 2017 செப்டம்பரில் வைட்சாப்பல் சாக்கடையில் 250 மீட்டர் நீளத்தில், 130 டன் எடையில் சமையல் கொழுப்பும் ஈரத் துடைப்பான்களும் சேர்ந்து இறுகிப்போய்க் கிடந்தது. அதில் வெட்டியெடுத்த ஒரு துண்டை 2018 பிப்ரவரியில் காட்சிக்கு வைத்தார்கள். பெட்டிக்குள்ளேயே ஈ பொரித்தது, வியர்த்தது, நிறம் மாறியது. அப்புறம்தான் நிரந்தரச் சேகரிப்பில் சேர்த்தார்கள், தனியாக அடைத்து வைத்து கேமரா வழியாகக் காட்டினார்கள். முதலில் கண்காட்சிக்கு மட்டும் எடுத்து, கொஞ்ச காலம் பார்த்துவிட்டு, பிறகு பதிவேட்டில் ஏற்றினார்கள் பாருங்கள், அந்த இரண்டு படி முறை சின்ன மியூசியத்துக்கு ரொம்பப் பொருந்தும். வந்தவுடன் நிரந்தரப் பதிவு எண் கொடுக்காதீர்கள். தற்காலிகப் பதிவேடு ஒன்று தனியாக வைத்து, ஒரு வருஷம் கழித்துக் குழு உட்கார்ந்து முடிவு செய்யட்டும். கொடுக்கிறவரிடமும் அதை முதலிலேயே சொல்லிவிடலாம்.

பழையகாப்பாட்சியர்:

தம்பி, நான் அரசு அருங்காட்சியகத் துறையில் காப்பாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். மேலே நண்பர் சொன்னது எல்லாம் நல்ல தகவல், ஆனால் வேகம் என்ற ஒன்றை நான் அவ்வளவு சுலபத்தில் ஒப்புக்கொள்ள மாட்டேன். எது முக்கியம் என்று காலம்தான் சொல்லும். அமெரிக்காவில் கிரீன்ஸ்பரோ ஊரில் 1960 பிப்ரவரி 1-ஆம் தேதி நான்கு கறுப்பின மாணவர்கள் உல்வொர்த் என்ற கடையில் வெள்ளையர்களுக்கு மட்டும் என்றிருந்த உணவு மேசையில் போய் உட்கார்ந்தார்கள். அந்த மேசையின் ஒரு பகுதியையும் நாலு ஸ்டூலையும் அமெரிக்காவின் தேசிய அருங்காட்சியக நிறுவனமான ஸ்மித்சோனியன் எடுத்தது 1993-ல், அந்தக் கடை மூடும்போது. 33 வருஷம் கழிந்திருந்தது. அதற்குள் அந்த நிகழ்ச்சி எவ்வளவு பெரியது என்று எவருக்கும் சந்தேகம் இல்லாமல் போயிருந்தது.

உடனே எடுத்தால் பத்திரிகைத் தலைப்பு எதுவோ அதையே எடுப்போம். தலைப்பில் வராத வாழ்க்கை விட்டுப்போகும். இதை ஸ்வீடன்காரர்கள் நல்லபடியாக யோசித்திருந்தார்கள். 1977-ல் சாம்டோக் என்று ஓர் ஏற்பாடு, ஸ்டாக்ஹோமில் நோர்டிஸ்கா மியூசியத்தை மையமாக வைத்து, நாடு முழுக்க இருந்த அருங்காட்சியகங்களைச் சேர்த்துக்கொண்டு செய்தார்கள். துறை துறையாகக் குழு பிரித்து, இந்த விஷயம் உன்னுடையது, அது அவனுடையது என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒரே மாதிரி ரேடியோவைப் பத்து மியூசியத்தில் அடுக்கி வைக்க வேண்டாம் பாருங்கள். வீட்டு வாழ்க்கையைப் பார்த்த குழு குடும்பங்களின் வீட்டுக்கே போய்ப் படம் எடுத்து, பேட்டி எடுத்து, கடைசியில் கொஞ்சம் பொருள் எடுத்தது. பொருளை விட அந்தப் பேட்டியும் படமும்தான் அதிகம். 2011 கடைசியில் அந்த ஏற்பாடு அந்த வடிவத்தில் முடிந்தது, ஆனாலும் முறை நல்ல முறை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்களுக்கு ஈரோடு, கரூர், திருப்பூர், சேலம் எல்லாம் பக்கத்தில். கல்லூரி மியூசியங்கள், தனியார் சேகரிப்பாளர்கள், அரசு அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. இலவசப் பொருட்களை யாராவது ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். யாராவது வைத்திருந்தால் உங்களுக்கு வேண்டாம். விசைத்தறி மட்டும் உங்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் ஆழமாகப் போங்கள்.

இன்னொன்று, நீக்கும் விதி. சேர்க்கும் விதி எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். பதிவேட்டிலிருந்து ஒரு பொருளை எடுக்க யாருக்கு அதிகாரம், எடுத்த பொருள் எங்கே போகும், விற்கலாமா கூடாதா என்று எழுதாமல் சேகரிக்கத் தொடங்கக் கூடாது. இங்கிலாந்தில் நார்தாம்ப்டன் மியூசியத்தை நடத்திய நகராட்சி 2014-ல் ஓர் எகிப்தியச் சிலையை ஏலத்தில் சுமார் 1.58 கோடி பவுண்டுக்கு விற்றது, அங்கீகாரமே போயிற்று. சர்வதேச அருங்காட்சியக மன்றத்தின் நெறிமுறையும் சேகரிப்புக் கொள்கையை எழுத்தில் வைத்து வெளியிட வேண்டும் என்றே சொல்கிறது. அந்த 'வெளியிட' என்பதைக் கவனியுங்கள். பீரோவில் பூட்டி வைத்த கொள்கையால் பிரயோஜனம் இல்லை, வாசலில் ஒட்டி வைத்தால்தான் மறுக்கும்போது காட்ட முடியும்.

கிடங்குவாசி:

ஐயா சொல்வதில் எனக்கு ஒரே ஓர் இடத்தில்தான் மறுப்பு. கிரீன்ஸ்பரோ கடை 33 வருஷம் அங்கேயே இருந்தது, அதனால் காத்திருக்க முடிந்தது. தறிமேடு சொல்கிற விசைத்தறிக் கூடம் மூடப்போகிறது. தறியைக் கிலோ கணக்கில் இரும்புக்குப் போட்டுவிடுவார்கள், ஷிப்ட் பலகை அடுப்புக்குப் போகும். காத்திருக்கலாமா என்பதை முடிவு செய்ய வேண்டியது அந்தப் பொருள் தானாக எவ்வளவு காலம் பிழைத்திருக்கும் என்பதுதான். நோட்டுகள் காத்திருக்கும், எல்லோர் வீட்டிலும் ஒன்றிரண்டு இருக்கிறது. போராட்ட அட்டை காத்திருக்காது. இம்பீரியல் வார் மியூசியத்தை 1917-லேயே, முதல் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே தொடங்க முடிவெடுத்தார்கள், போர் முடியட்டும் என்று இருந்திருந்தால் பாதி கிடைத்திருக்காது. 2022-ல் கீவ் போர் அருங்காட்சியகக்காரர்களும் அப்படித்தான், ரஷ்யப் படை சுற்றுவட்டாரத்தை விட்டுப் போன கையோடு அந்த ஊர்களுக்குப் போய்ச் சேகரித்து மே மாதமே கண்காட்சி வைத்துவிட்டார்கள்.

உப்புக்காற்று:

தறிமேடு, நான் பொருள் பாதுகாப்பு, அதாவது கன்சர்வேஷன் வேலை செய்கிறவள். யாரும் இதைத் தொடவில்லை என்பதால் சொல்கிறேன். செப்புப் பாத்திரமும் மரக்காலும் 200 வருஷம் சும்மா இருக்கும். இப்போது உங்களிடம் வருகிற சாமான் அப்படி இருக்காது. நவீனப் பொருள்தானே, புதுசுதானே, கெடாது என்று நினைக்க வேண்டாம், இருக்கிறதிலேயே சீக்கிரம் கெடுவது இவைதான்.

மிக்ஸி ஒயரும் ரெக்சின் பையும் பிவிசி. அதை மிருதுவாக வைக்கச் சேர்த்த எண்ணெய் நாளாக ஆக வெளியே கசியும், தொட்டால் பிசுபிசுக்கும், தூசி ஒட்டும், பக்கத்தில் இருக்கிற வேறு பிளாஸ்டிக்கையும் கெடுக்கும். ஸ்பாஞ்சு வைத்த எதுவும், ஹெட்போன் காதுமெத்தை, முகக் கவசத்தில் நெற்றிப் பக்கம் ஒட்டியிருக்கும் பட்டை, சில வருஷங்களில் பொடிப்பொடியாக உதிரும். அரசு இலவச லேப்டாப் வந்தால் முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது, அது உப்பி வெடித்தால் அந்த இரண்டு அலமாரியும் போகும். ரிமோட்டில் போட்ட சாதாரண பேட்டரியும் கசிந்து உள்ளே இருக்கிற தகட்டை அரித்துவிடும், அதையும் எடுத்துவிடுங்கள்.

காகிதத்தில் ஒரு விஷயம் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். பேருந்தில் முன்பு கிழித்துக் கொடுத்த அச்சடித்த டிக்கெட் இன்னும் அப்படியே இருக்கும். மெஷினில் இருந்து வருகிற டிக்கெட், ஏடிஎம் சீட்டு, கடை பில் எல்லாம் வெப்பத்தில் எழுத்து வருகிற தாள், வெயில் பட்டால், பிளாஸ்டிக் உறைக்குள் போட்டால், சில வருஷத்தில் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். பணமதிப்பிழப்புக் காலத்து ஏடிஎம் சீட்டு யாரிடமாவது இருந்தால் இன்றைக்கே ஸ்கேன் செய்யுங்கள். இந்த மாதிரி தாளுக்கு 'வந்த அன்றே நகல் எடுக்க வேண்டும்' என்று கொள்கையிலேயே ஒரு வரி இருக்கட்டும்.

அப்புறம், கழுவாதீர்கள். மிக்ஸி ஜாரில் மஞ்சள் கறை இருக்கும், பக்கத்தில் முதலமைச்சர் படம் ஒட்டிய ஸ்டிக்கர் பாதி உரிந்திருக்கும், ஸ்விட்ச் உடைந்து அதில் நூல் சுற்றியிருக்கும். அதெல்லாம்தான் அந்தப் பொருள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் 2020 ஜூன் 7 அன்று கோல்ஸ்டன் சிலையைச் சாய்த்துத் துறைமுகத்தில் தள்ளினார்கள். அடிமை வியாபாரம் செய்தவனின் சிலை. நான்கு நாளில் தண்ணீரிலிருந்து எடுத்தார்கள். சேற்றைக் கழுவினார்கள், போராட்டக்காரர்கள் அடித்த பெயின்டைக் கழுவவில்லை, அது உரிந்து போகாமல் இருக்கத் தனியாக வேலை செய்தார்கள். அடுத்த வருஷம் எம் ஷெட் மியூசியத்தில் அந்தப் பெயின்டோடு, படுத்த நிலையில், கூட்டத்தில் பிடித்த அட்டைகளையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். எது அழுக்கு, எது வரலாறு என்று முடிவு செய்கிற பொறுப்பைத் துடைக்கிற ஆளிடம் விடக் கூடாது, பொருள் வாங்குகிற அன்றே எழுதிவிட வேண்டும்.

சட்டக்குறிப்பு:

தொழிலால் வக்கீல். அந்த நோட்டு விஷயத்துக்காக மட்டும் எழுதுகிறேன், இதில் விளையாட வேண்டாம். செல்லாத நோட்டுகள் பற்றி 2017-ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி ஒருவர் பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகளை 10-க்கு மேல் வைத்திருக்கக் கூடாது. படிப்பு, ஆய்வு, நாணயச் சேகரிப்பு என்றால் 25 வரை. மீறினால் அபராதம் 10,000 ரூபாய் அல்லது நோட்டின் மதிப்பில் ஐந்து மடங்கு, எது அதிகமோ அது. ஊரில் ஒவ்வொருவரும் இரண்டிரண்டு நோட்டாகக் கொண்டுவந்து கொடுத்தால் உங்கள் பீரோவில் எண்ணிக்கை தாண்டிவிடும், கொடுத்தவர்களுக்கு ஒன்றும் ஆகாது, மாட்டுவது வைத்திருப்பவர். கொள்கையில் எண்ணிக்கையைப் போட்டே எழுதுங்கள்.

கவச உடை, ஊசி, மருந்துக்குப்பி எல்லாம் பயன்படுத்தியதாக இருந்தால் 2016 உயிர்மருத்துவக் கழிவு விதிகள் ஞாபகத்தில் இருக்கட்டும். பயன்படுத்தாதது, உறை பிரிக்காதது என்றால் பிரச்சினை இல்லை. தடுப்பூசிச் சான்றிதழ், இ-பாஸ் மாதிரி ஆவணங்களில் பெயர், வயது, அடையாள எண் இருக்கும். காட்சிக்கு வைக்கும்போது மறைப்பீர்களா, எத்தனை வருஷம் மறைப்பீர்கள் என்று கொடுக்கிறவரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொரு விஷயம். 1972 தொல்பொருள் சட்டம் 100 வருஷம் ஆன பொருளைத்தான் பார்க்கிறது, கையெழுத்துப் பிரதி என்றால் 75 வருஷம். இப்போது உங்களிடம் வருகிற சாமானுக்கு அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது. அதனால் உங்கள் நன்கொடைக் கடிதம்தான் ஒரே ஆதாரம். பொருளின் உரிமை மியூசியத்துக்கு வந்துவிட்டது, பிறகு திருப்பிக் கேட்க முடியாது, தேவையில்லை என்றால் மியூசியம் வேறு இடத்துக்குக் கொடுக்கலாம் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். அந்த டிவியை இறக்கிவிட்டுப் போனவரிடம் கையெழுத்து வாங்கினீர்களா? வாங்கவில்லை என்றால், அவர் அதை நன்கொடையாகத்தான் கொடுத்தார் என்று காட்ட உங்களிடம் எழுத்தில் எதுவும் இல்லை.

தேர்தல் நோட்டீசுகளையும் போஸ்டர்களையும் யாராவது கொடுத்தால் தயங்காமல் வாங்குங்கள். அச்சிட்டவர் பெயரும் வெளியிட்டவர் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே சொல்கிறது. எங்கே அச்சானது, யாருக்காக என்று நீங்கள் தேட வேண்டியதே இல்லை. ஆனால் எல்லாக் கட்சியுடையதும் வாங்க வேண்டும். ஸ்மித்சோனியன் ஆட்கள் இரண்டு கட்சி மாநாட்டுக்கும் போய்த் தொப்பியும் பேட்ஜும் பதாகையும் வாங்கி வருகிறார்கள், ஒரு கட்சிக்கு மட்டும் போவதில்லை. இலவச டிவி ஒரு ஆட்சியில் வந்தது, மிக்ஸி இன்னொரு ஆட்சியில். ஒன்றை வைத்து இன்னொன்றை மறுத்தால் ஊரில் என்ன பேச்சு வரும் என்று உங்களுக்கே தெரியும்.

நடைபாதை:

எல்லோரும் மியூசியம் பக்கம் நின்றே பேசுகிறீர்கள். கொடுக்கிறவர்கள் பக்கமும் கொஞ்சம் பார்க்க வேண்டும். போபால் விஷவாயுவில் தப்பியவர்களின் நினைவுகளை வைத்து 2014-ல் 'போபாலை நினைவுகொள்' என்று ஒரு மியூசியம் தொடங்கினார்கள். அரசுப் பணமும் வேண்டாம், கம்பெனிப் பணமும் வேண்டாம் என்று அவர்கள் முடிவு. உள்ளே இருப்பதெல்லாம் செத்துப்போனவர்களின், தப்பியவர்களின் சாமான்: ஒரு குழந்தையின் சட்டை, ஒரு புகைப்படம் மாதிரி. அதோடு அந்தக் குடும்பத்தார் பேசிய குரல். எது முக்கியம் என்று சொன்னவர்கள் பாதிக்கப்பட்டவர்கள்தான், வெளியிலிருந்து வந்த நிபுணர் சொன்னதை அவர்கள் ஏற்கவில்லை. பணம் யாரிடம் வாங்கக் கூடாது என்பதுகூட சேகரிப்புக் கொள்கையின் பகுதிதான் என்று நான் அங்கிருந்துதான் கற்றுக்கொண்டேன். உங்கள் அறக்கட்டளைக்கு விசைத்தறி முதலாளிகள் நன்கொடை தருகிறார்கள் என்றால், தறி ஓட்டியவர்களின் முன்பணக் கடன் நோட்டைக் காட்சிக்கு வைக்க முடியுமா? இதற்கு இப்போதே பதில் எழுதி வையுங்கள், பிறகு எழுத முடியாது.

கொரோனாவில் வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர் ஆக்சிஜன் மீட்டரைக் கொண்டுவந்து கொடுத்தால் அன்றே கையெழுத்து வாங்காதீர்கள். வாங்கி வைத்து, ஆறு மாதம் கழித்து மறுபடி கேளுங்கள். சிலர் திரும்ப வேண்டும் என்பார்கள், கொடுத்துவிட வேண்டியதுதான். கிடங்குவாசி சொன்ன தற்காலிகப் பதிவேடு இதற்கும் உதவும்.

முடிவெடுக்கும் குழுவில் தறி ஓட்டியவர் ஒருவர், பெண் ஒருவர் கட்டாயம் என்று எழுதுங்கள். மிக்ஸியைப் பற்றி அறங்காவலர்கள் நான்கு பேர் உட்கார்ந்து பேசி என்ன தெரியப்போகிறது?

தறிமேடு:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சட்டக்குறிப்பு சார், டிவிக்காரரைத் தேடிப் பிடித்துவிட்டேன், நாளை கையெழுத்து. நடைபாதை கேட்ட கேள்விக்கு என்னால் இப்போது பதில் சொல்ல முடியவில்லை, கூட்டத்தில் அப்படியே வைக்கிறேன். நன்கொடை தருகிறவர்களில் தறி முதலாளிகள் இருக்கிறார்கள்.

வரைவில் இதுவரை எழுதியது: விசைத்தறியும் அதைச் சுற்றிய வீட்டு வாழ்க்கையும் 1970-க்கு இந்தப் பக்கம், இது மட்டும்தான் எங்கள் எல்லை. இலவச மிக்ஸியை அதனால் ஏற்கலாம், தறி ஓட்டிய பெண்ணின் வீட்டு மிக்ஸியாக இருந்து, அவரே அதைப் பற்றிப் பேசப் பதிவு செய்ய ஒப்புக்கொண்டால். டிவியும் அப்படியே. ஒவ்வொன்றிலும் ஒன்றுதான். ஜல்லிக்கட்டு அட்டை எல்லைக்கு வெளியே, ஆனால் தூக்கிப் போட மனம் வரவில்லை, எடுத்துக்கொள்கிற இடத்துக்கு நாங்களே கொண்டுபோய்ச் சேர்ப்போம் என்று ஒரு விதி. நோட்டு மொத்தம் 10, அதுவும் சம்பளக் கவரோடு வந்தால்தான். மருத்துவப் பொருள் பயன்படுத்தாதது மட்டும். ஒரு வருஷத் தற்காலிகப் பதிவு, ஐந்து பேர் குழு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை திருத்தம்.

ஒரே சந்தேகம். மூடப்போகிற கூடத்தில் ஒரு முழு விசைத்தறியைத் தருகிறேன் என்கிறார்கள். எங்கள் அறையில் வைத்தால் வேறு எதற்கும் இடம் இல்லை. வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. என்ன செய்யலாம்?

பழையகாப்பாட்சியர்:

தறியை எடுக்காதீர்கள் தம்பி. ஓடாத தறி வெறும் இரும்பு. கூடம் மூடுவதற்கு முன்னால் இரண்டு நாள் அங்கேயே இருந்து வீடியோ எடுங்கள், சத்தத்தைத் தனியாக நல்ல மைக்கில் பதியுங்கள். பாவு ஏற்றுவது, அறுந்த இழையை முடிவது, நாடா மாற்றுவது, எண்ணெய் விடுவது என்று ஒவ்வொன்றையும் செய்கிறவரைப் பேச வைத்து எடுங்கள். ராத்திரி ஷிப்டையும் சேர்த்து. நாடா, அதை அடித்துத் தள்ளுகிற பிக்கிங் ஸ்டிக், ஷிப்ட் பலகை, கணக்கு நோட்டு இவ்வளவும் ஒரு அலமாரியில் அடங்கும். நண்பர் சொன்னது சரி, இதற்குக் காத்திருக்க முடியாது.

கிடங்குவாசி:

அதோடு கூடத்தின் தரை அளவையும் எடுத்து ஒரு படம் வரைந்துவிடுங்கள். தறி எங்கே, சுவிட்ச் போர்டு எங்கே, தண்ணீர்ப் பானை எங்கே, யார் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று. சாம்டோக்காரர்கள் வீடுகளில் செய்தது மாதிரிதான். வீடியோவுக்கு ஒரு விதி சேருங்கள்: மூலக் கோப்பு இரண்டு இடத்தில், ஒன்று மியூசியத்துக்கு வெளியே, வருஷத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும், பார்த்தவர் பெயரும் தேதியும் பதிவேட்டில்.

உப்புக்காற்று:

ஷிப்ட் பலகையில் சாக்பீஸ் எழுத்து இருந்தால் துணி போட்டு மூடாதீர்கள், எதிலும் உரசாமல் படுக்கை வசத்தில் ஒரு பெட்டியில் வைத்து எடுத்து வாருங்கள். கழற்றுவதற்கு முன்னால், சுவரில் இருக்கும்போதே, பக்கவாட்டு வெளிச்சத்தில் படம். கடைசி ஷிப்டில் யார் பெயர் எழுதியிருக்கிறதோ அவர்களையும் பக்கத்தில் நிற்க வைத்து ஒரு படம் எடுங்கள். அவர்களிடம் ஒப்புதல் கையெழுத்து அன்றே வாங்கிவிடுங்கள், கூடம் மூடினால் ஆளுக்கொரு ஊர் போய்விடுவார்கள்.